பத்து டாலர் வரம்பு: அமெரிக்கப் போர்வீரர் குடும்பங்களின் ஓய்வூதிய வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், நிறைவேற்றிய ஓய்வூதியச் சட்டம், மாண்ட சாதாரணப் படைவீரரின் மனைவிக்கு அவர் மறுமணம் செய்துகொள்ளாத வரையில் மாதம் 8 டாலர் வழங்க வகை செய்தது. அத்தொகையைப் பெற வேண்டுமெனில், கணவரின் மரணத்தையும் அம்மரணத்துக்குப் படைப்பணியே காரணம் என்பதையும் திருமணம் முறையாக நடந்தது என்பதையும் சாட்சிகளின் உறுதிமொழிப் பத்திரங்கள் வாயிலாகக் கைம்பெண்ணே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத, ஊரைவிட்டு வெளியே சென்றறியாத பெண்களால் இதனைத் தனியே செய்ய இயலாத நிலையில், கட்டணம் பெற்று மனு எழுதித்தரும் கோரிக்கை முகவர்கள் என்னும் இடைத்தரகர் கூட்டம் நாடெங்கும் பெருகியது.

முகவர்களின் சுரண்டலை முன்னரே உணர்ந்திருந்த காங்கிரஸ், 1862ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அவர்களது கட்டணத்துக்கு வரம்பு விதித்து, 1864இல் அவ்வரம்பை மனு ஒன்றுக்கு 10 டாலர் என்று மாற்றியமைத்தது, மீறுவோர் தண்டனைக்குரியவராயினர். எனினும், மனு ஒன்றுக்குக் கிடைக்கும் வருவாய் சுருங்கியபோது மனுக்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் வழியை முகவர்கள் கண்டுகொண்டனர். அவர்களுள் முதன்மையானவரான ஜார்ஜ் லெமன் 1877இல் வாஷிங்டனில் ‘நேஷனல் டிரிப்யூன்’ என்னும் இதழைத் தொடங்கி, முன்னாள் வீரர்களின் குரலாகவும் தமது தொழிலின் விளம்பரமாகவும் அதனை ஒருசேர நடத்தினார்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்களின் நிலை மற்றக் கைம்பெண்களின் நிலையினும் கொடியது. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டம் ஏற்காததால் அவர்களிடம் சான்றிதழ் எதுவும் இருக்க இயலாது. சான்றிதழ் இல்லாதவர் சட்டத்தின் பார்வையில் மனைவியாகவும் இருக்க இயலாது. 1864 ஏப்ரலில் டென்னசியின் பில்லோ கோட்டையில் கறுப்பின வீரர்கள் படுகொலை செய்யப்பட்ட பின்னர், அங்கு மாண்ட வெள்ளையினத் தளபதி மேஜர் லயனல் பூத்தின் மனைவி குடியரசுத் தலைவர் லிங்கனை நேரில் சந்தித்து அவ்வீரர்களின் குடும்பங்களுக்காக வாதாடினார். லிங்கனும் அக்கோரிக்கையைச் செனட்டர் சார்லஸ் சம்னரிடம் எழுத்து மூலம் பரிந்துரைத்தார். அவ்வாண்டு ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், படையில் சேர்வதற்கு முன் இரண்டாண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தமைக்கான சாட்சியத்தையே திருமணச் சான்றாக ஏற்றது. இரண்டாண்டு நிபந்தனையும் 1866இல் நீக்கப்பட்டது. கறுப்பின வீரர்களுக்குரிய ஊக்கத்தொகையை முகவர்கள் கவர்ந்துகொள்வதைத் தடுக்கும்பொருட்டு, 1867இல் அத்தொகை விடுதலை பெற்றோர் நலனுக்கான அரசுப் பணியகத்தின் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்று காங்கிரஸ் தீர்மானித்தது.

ஓய்வூதியத்தை உரியவரைத் தவிர வேறெவரிடமும் வழங்கலாகாது என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைத் தாமே பெற்றுவந்த முகவர்களின் பிடி தளர்ந்தது. ஓய்வூதியர் இறந்த செய்தி எட்டியதும், அவர் பெயர் நீக்கப்பட்டதையும் கடைசியாகப் பணம் வழங்கப்பட்ட நாளையும் நீக்கத்தின் காரணத்தையும் பதிவுசெய்யும் நீக்க அறிக்கை ஒன்று எழுதப்பட்டு அவரது கோப்பில் சேர்க்கப்பட்டது. குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கு இன்று அந்த ஒற்றைத் தாளே பல வேளைகளில் ஒருவரின் இறப்பு நாளை அறியும் வழியாக உள்ளது.

ஆயினும், மோசடியைத் தேடிய அரசின் கண் முகவரைக் காட்டிலும் கைம்பெண்ணின் மீதே கடுமையாக விழுந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மறுமணம் செய்துகொள்ளாமல் வேறோர் ஆணுடன் வெளிப்படையாக வாழும் பெண்ணின் ஓய்வூதியம் நிறுத்தப்படும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டம் கூறியதால், சிறப்பு ஆய்வாளர்கள் எனப்பட்ட புலனாய்வு அலுவலர்கள் அவளது அண்டை வீட்டாரிடமே அவளது ஒழுக்கத்தை விசாரித்துப் பதிவுசெய்தனர். அந்த விசாரணைப் பதிவுகள் வரலாற்றாசிரியர்களுக்கு அரிய புதையல். அப்பெண்களுக்கோ அவை அவமானமாகவே இருந்தன.

1884இல் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் 25 டாலர் வரை பெறுவதற்கு முகவர்களுக்கு இசைவு தரப்பட்டபோதிலும் பத்து டாலர் வரம்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமே அதனை அகற்றியது. முதன்முறை மனு எழுதித்தருவதற்குக் கட்டணம் பெறலாகாது என்னும் தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் மீறுவோருக்கான குற்றவியல் தண்டனை 2006இல் நீக்கப்பட்டுவிட்டதால், அங்கீகாரம் பெறாத ஆலோசனை நிறுவனங்கள் முன்னாள் வீரர்களிடம் பெருந்தொகை வசூலிப்பதாக எழும் புகார்களை முன்வைத்து, அத்தண்டனையை மீண்டும் கொண்டுவருவது குறித்துக் காங்கிரஸில் விவாதம் நடைபெற்று வருகிறது.