கூலிக்கு ஏந்திய துப்பாக்கி

நாடு பிடித்தவர்களின் வரலாற்றை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர்களிடம் கூலிக்குத் துப்பாக்கி ஏந்திய அந்நாட்டு இளைஞர்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. அத்தகைய ஓர் இளைஞனைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி என்னும் பகுதி உள்ளது. அங்கே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளும் குகைகளும் நிறைந்த நிலம் புனுபா என்னும் பழங்குடியினரின் தாயகம். 1880களில் ஆங்கிலக் குடியேறிகள் ஆட்டு மந்தைகளோடு அந்நிலத்தில் புகுந்தனர். ஆறுகளும் சுனைகளும் பண்ணைகளுக்குள் அடங்கின. கங்காரு வேட்டையாடி வாழ்ந்த மக்கள், அதே நிலத்தில் மேய்ந்த ஆடுகளையும் ஈட்டியெறிந்து கொன்றனர். குடியேறிகள் அதனைத் திருட்டு என்றனர். பிடிபட்டோரின் கழுத்தில் சங்கிலி பூட்டி, நெடுந்தொலைவு நடத்தி, டெர்பி நகருக்குக் கொண்டு சென்றனர்.

1873ஆம் ஆண்டையொட்டி இம்மக்களிடையே பிறந்தவன் ஜண்டமாரா. சிறுவனாக இருக்கும்போதே லெனார்டு ஆற்றுப் பண்ணையில் வேலைக்கு அமர்ந்தான். ஆட்டு ரோமம் கத்தரிப்பதிலும் குதிரை ஏறுவதிலும் குறி தவறாது சுடுவதிலும் தேர்ந்தான். குன்றுகளின் வழி அறியாத காவல்துறைக்கு அவனைப் போன்றவர்களே கண்கள். ஆகவே ரிச்சர்ட்சன் என்னும் காவலருக்குத் தடம் பார்க்கும் ஏவலனானான். தன் இனத்தாரையே தேடிப் பிடித்தான்.

1894 அக்டோபர் இறுதியில், லில்லிமிலூரா காவல் நிலையத்தில் புனுபா மக்கள் பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். பெயர்பெற்ற போராளியான எல்லமாராவும் அவர்களுள் ஒருவர். அங்கே ஜண்டமாரா ரிச்சர்ட்சனைச் சுட்டுக் கொன்றான், கட்டுண்டவர்களை விடுவித்தான், துப்பாக்கிகளுடன் குன்றுகளுக்குள் மறைந்தான். சில நாட்களில், மாடோட்டி வந்த குடியேறிகள் இருவரும் கொல்லப்பட்டனர். நவம்பர் 16ஆம் நாள் விண்ட்ஜானா பள்ளத்தாக்கில் காவலரும் குடியேறிகளுமாக ஏறத்தாழ 30 பேர் அவனது கூட்டத்தைத் தாக்கினர். படுகாயமுற்றும் அவன் தப்பினான். அதன்பின் நடந்த பழிவாங்கலில், போரில் கலந்துகொள்ளாத பழங்குடியினரும் பலர் மாண்டனர்.

இரண்டாண்டுகளுக்கு மேலாகக் காவல்துறையால் அவனைப் பிடிக்க இயலவில்லை. இறுதியில், 1897 ஏப்ரல் 1ஆம் நாள், குன்றைக் குடைந்து ஓடும் டனல் கிரீக் என்னும் குகையாற்றின் அருகே அவன் சுட்டு வீழ்த்தப்பட்டான். சுட்டவன் வெள்ளையன் அல்லன். காவல்துறை வேற்றிடத்திலிருந்து அழைத்துவந்த மற்றொரு பழங்குடித் தடம் பார்ப்பவன்!

உடன் பணியாற்றியவனைக் கொன்றதை வீரம் என்று புகழ நான் வரவில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். அந்த மண்ணை அறிந்த கண்ணையும் கையையும் கூலிக்கு வாங்கியே அந்த மண் கைப்பற்றப்பட்டது. ஒரு கை திரும்பியதும், அதனை வெட்ட அதே போன்ற இன்னொரு கை தேவைப்பட்டது. நாம் கற்ற திறமை எவருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி, ஜண்டமாராவுக்கு 21 வயதளவில் எழுந்தது. கல்வி கற்கும் உங்களுக்கும் அது ஒருநாள் எழும். அப்போது அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.