பீச்சுப் பையன் முதல் மின்மினிக் கல்லறை வரை: யப்பானிய அனிமேயும் யுத்த ஞாபகமும்

கார்ட்டூன் என்றால் சிறுபிள்ளைகளின் சமாச்சாரம் என்பதே நம்மில் பெரும்பாலானோரின் எண்ணம். இலக்கியம் பேசும் நண்பர்கள்கூட, சிறுகதையிலும் நாவலிலும் தேடுகின்ற மனித மனத்தின் இருண்ட மூலைகளைச் சித்திரப் படமொன்றில் தேட முனைவதில்லை. 1988 ஏப்ரல் 16ஆந் திகதி தம் பிள்ளைகளைத் திரையரங்குக்குக் கூட்டிச் சென்ற யப்பானியப் பெற்றோர் பலரும் அவ்வாறே எண்ணியிருக்கக் கூடும். அன்று இரண்டு படங்கள் ஒரே காட்சியில் இணைத்துத் திரையிடப்பட்டன. ஒன்று ஹயாவோ மியஸாகியின் 'என் அயலவன் டொடோரோ'. மற்றது ஈஸாவோ தகாஹதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. முன்னையதில் காட்டுமரத்தில் வாழும் சாதுவான பெரும் பிராணியொன்று. பின்னையதில் பசியால் சாகும் நான்கு வயதுச் சிறுமி.

இந்தச் சிறுமியை விளங்கிக்கொள்ள நாற்பத்து மூன்று வருடங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1945 ஏப்ரலில், யப்பானிய நகரங்கள் தீக்குண்டுகளால் எரிந்துகொண்டிருந்த வேளையில், 'மொமொதாரோ: கடலின் தெய்வீக வீரர்கள்' என்ற படம் வெளியாயிற்று. யப்பானின் முதலாவது முழுநீள அனிமே இதுவே. நீளம் 74 நிமிடங்கள். கடற்படை அமைச்சின் பணிப்பில் மித்ஸுயோ செயோ நெறிப்படுத்தினார். மொமொதாரோ என்பவன் யப்பானியப் பாட்டிமார் சொல்லும் கதையில் வருபவன். பீச்சுப் பழத்திலிருந்து பிறந்து, நாய், குரங்கு, பறவை ஆகிய தோழர்களோடு தீவுக்குச் சென்று அரக்கர்களை வெல்பவன். கடற்படையினர் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டனர். அரக்கர்களின் இடத்தில் வெள்ளையரை வைத்தால் போதுமானதாயிருந்தது.

படத்தில் தென்கடல் தீவொன்றின் பிராணிகள் யப்பானியருக்காக மகிழ்ச்சியோடு விமானத்தளம் அமைக்கின்றன. அவற்றுக்கு யப்பானிய அரிச்சுவடி பாட்டாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. பரசூட் வீரர்கள் தீவொன்றில் இறங்குகின்றனர்; 1942 ஜனவரியில் செலெபஸ் தீவின் மெனாடோவில் உண்மையாகவே நிகழ்ந்த இறக்கத்தின் சாயல் அது. தலையில் கொம்பு முளைத்த ஆங்கிலேய அதிகாரிகள் மேசையில் அமர்ந்து தடுமாறிச் சரணடைகின்றனர். சிங்கப்பூரில் பெர்சிவல் சரணடைந்த காட்சியை அறிந்தவர்கள் இதை உடனே இனங்காண்பர். இறுதியில் கிராமத்துக் குட்டிப் பிராணிகள் மரத்திலிருந்து குதித்து விளையாடுகின்றன. அவை குதிக்கும் தரையில் அமெரிக்கக் கண்டத்தின் வரைபடம் கீறப்பட்டிருக்கிறது.

இதே நெறியாளர் 1943இல் எடுத்த முந்திய மொமொதாரோ படம் பேர்ள் துறைமுகத் தாக்குதலைக் கொண்டாடியது. அத்தாக்குதலை நடத்திய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களே 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பையும் 9ஆந் திகதி திருகோணமலையையும் தாக்கின என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமது மூத்தவர்கள் கதைகதையாகச் சொன்ன அந்த 'யப்பான்காரன் குண்டு', அங்கே குழந்தைகளுக்குப் பிராணிகள் ஓட்டிச் செல்லும் விளையாட்டு விமானமாக வரையப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஏற்படும் உணர்வை என்னால் இலகுவில் விபரிக்க முடியவில்லை.

பிரசாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாத படம் அது. ஒசாக்காவில் ஏறத்தாழ வெறுமையாகக் கிடந்த திரையரங்கொன்றில் அதைப் பார்த்துக் கண்கலங்கிய பதினாறு வயது இளைஞன் ஒருவன், தானும் ஒருநாள் இப்படியொரு படம் எடுப்பேன் என உறுதிகொண்டான். அவன்தான் ஒஸாமு தெஸுக்கா. 1963இல் 'அஸ்ட்ரோ போய்' தொடரின் மூலம் தொலைக்காட்சி அனிமேக்கு வழி திறந்தவர். அப்பாடலையும் பயிற்சியையும் அவர் வெறுக்கவில்லை. அவற்றினூடே தெரிந்த மென்மையையே நேசித்தார். ஓர் ஆக்கிரமிப்புப் படத்தின் மடியில் ஒரு கலைமரபு பிறந்தது என்பது சங்கடமான உண்மை. தோல்விக்குப் பின் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட படச்சுருள் 1980களில் ஷொசிக்கு நிறுவனத்தின் களஞ்சியத்தில் கண்டெடுக்கப்பட்டது.

தோற்ற நாடு தன் யுத்தத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு என்ன சொல்வது? முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒருவர் கெய்ஜி நகஸாவா. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டுக்கு உயிர்தப்பி, தந்தையையும் உடன்பிறப்புகளையும் இழந்தவர். 1973இல் தொடங்கிய அவரது சித்திரக்கதை 'வெறுங்கால் கென்', 1983இல் அனிமே படமாயிற்று. அமெரிக்கக் குண்டை மாத்திரமல்ல, யுத்தத்துக்கு ஆள்திரட்டிய தன் சொந்த அரசையும் சக்கரவர்த்தியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதனால்தான் அந்நூல் இன்றும் பலருக்கு முள். மட்சுவே நகரக் கல்விச் சபை அதனைப் பாடசாலை நூலகங்களில் மாணவர் கைக்கு எட்டாதவாறு வைக்கக் கேட்டு, கண்டனம் எழுந்ததும் 2013 ஓகஸ்டில் பின்வாங்கியது. 2023இல் ஹிரோஷிமாவிலேயே சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து அது நீக்கப்பட்டது.

'மின்மினிகளின் கல்லறை' வேறு வகையானது. அதற்கு மூலமான சிறுகதையை அகியுகி நொசாகா 1967இல் எழுதினார். நஒகி பரிசும் பெற்றார். 1945 ஜூன் 5ஆந் திகதி கோபே நகரம் எரிந்தபோது அவருக்கு வயது பதினான்கு. வளர்ப்புத் தந்தையை அன்று இழந்தார். ஒன்றரை வயதுகூட நிறையாத வளர்ப்புத் தங்கை சில மாதங்களுக்குள் போசாக்கின்றி இறந்தது. கதையில் வரும் அண்ணன் தன் வாய்க்குக் கிடைத்ததைத் தங்கைக்கு ஊட்டுகிறான். நொசாகா அப்படி நடந்துகொள்ளவில்லை. குழந்தைக்கெனக் கிடைத்த உணவைத் தானே உண்டதையும், அழுகையை நிறுத்த அதன் தலையில் அடித்ததையும் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக எழுதினார். தான் ஆகமுடியாத ஓர் அண்ணனைக் கதையில் ஆக்கி, அந்த அண்ணனையும் சாகடித்தார். உயிர் தப்பியவனின் குற்றவுணர்வு என உளவியலாளர் குறிப்பிடுவதற்கு இதைவிட நெருங்கிய இலக்கிய உதாரணத்தை நான் அறியேன். அவர் 2015இல் காலமானார்.

இக்கதையைப் படமாக்கிய தகாஹதாவும் குண்டுவீச்சை அறிந்தவர். 1945 ஜூன் 29ஆந் திகதி ஒகயாமா எரிந்த இரவில், ஒன்பது வயதுச் சிறுவனாக, வெறுங்காலோடு அக்காவுடன் ஓடினார். அந்நகரில் 1,700 பேருக்கு மேல் மாண்டனர். எனவே தீ எப்படிப் பரவும், குண்டு விழுமுன் என்ன சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடநூல் அறிவல்ல. ஆயினும் இது யுத்த எதிர்ப்புப் படமல்ல என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பலரும் அதை அடக்கமென்றோ விசித்திரமென்றோ எடுத்துக்கொண்டனர். படத்தைக் கவனித்துப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும்.

கடற்படை அதிகாரியொருவரின் மகன் ஸெய்தா. தாய் குண்டுவீச்சில் இறந்தபின், தங்கை ஸெட்சுகோவுடன் உறவினரான மாமியின் வீட்டுக்கு வருகிறான். மாமி குத்திக் குத்திப் பேசுகிறாள். வேலைக்குப் போகாமல், தீயணைப்பில் சேராமல் இருக்கும் பையனுக்குச் சோறு எதற்கு என்கிறாள். அவன் வாதாடவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. தங்கையை அழைத்துக்கொண்டு கைவிடப்பட்ட பதுங்குகுழியொன்றுக்குப் போய்விடுகிறான். தாயின் வங்கிக் கணக்கில் ஏழாயிரம் யென் கிடக்கிறது. ஆனால் ஊரோடு சேராதவனுக்கு அரிசியும் இல்லை, யுத்தம் முடிந்த செய்தியும் இல்லை. சரணடைந்ததை அவன் அறிவதே, பணமெடுக்கப் போன வங்கியில் மற்றவர்கள் பேசிக்கொள்ளும்போதுதான்.

இந்தப் பையனிடம் 1980களின் இளைஞனைத் தான் கண்டதாகத் தகாஹதா கூறினார். சங்கடமான உறவுகளைச் சகிக்காமல் விலகி, தனக்கென ஒரு சிறு உலகைக் கட்டிக்கொள்ளும் வசதியான காலத்துப் பிள்ளை அவன். 1945இல் இவ்வாறு நடந்துகொள்வது தற்கொலைக்குச் சமம். அப்போது வெளிவந்த சஞ்சிகையொன்றில் அவர் இன்னொன்றையும் சொன்னார். இன்று ஸெய்தாவுக்காக இரங்குகிறோம். காலம் திரும்பவும் மாறினால் இந்த இரக்கம் நிலைக்குமா, அந்த மாமியைவிடக் கடுமையாக நாமே அவனைச் சாடமாட்டோமா என்று எண்ணுகையில் தனக்குப் பயமாக இருக்கிறது என்பதே அதன் சாரம். கடந்த பல வருடங்களாக, இப்படத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் போதெல்லாம், மாமி சொன்னது சரிதானே, வேலை செய்யாத பையனின் பிடிவாதம்தானே தங்கையைக் கொன்றது என்று வாதிடுவோர் யப்பானில் பெருகியிருக்கின்றனர். தகாஹதா 2018இல் காலமாகுமுன்னரே இது தொடங்கிவிட்டது.

நானும் முதன்முறை பார்த்தபோது மாமியை வெறுத்தேன். பின்னொருமுறை பார்த்தபோது ஸெய்தாவின்மேல் எரிச்சல் வந்தது. என் வயது கூடியதுதான் காரணமென்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்படங்களைப் பற்றி ஆசிய நாடுகளில் எழும் முறைப்பாடு நியாயமானது. யப்பானியரின் கண்ணீர் திரையெங்கும் வழிகிறது. கொரியரின், சீனரின், மலாயரின் கண்ணீர் எங்கே? சுனாவோ கதபுச்சி 2016இல் நெறிப்படுத்திய 'உலகின் இந்த மூலையில்' இக்கேள்வியின் விளிம்புவரை வருகிறது. கூரே துறைமுக நகரில் வாழ்க்கைப்பட்ட சுஸு என்ற இளம்பெண், குண்டொன்றில் வலது கையையும் கணவனின் அக்காள் மகளையும் இழக்கிறாள். சக்கரவர்த்தியின் சரணடைவு உரையைக் கேட்டு அவள் கொதித்தெழும் வேளையில், ஊருக்குள் கொரியக் கொடியொன்று உயர்கிறது. ஃபுமியோ கோனோவின் மூலச் சித்திரக்கதையில், இந்த நாடு வன்முறையால் பிறரை அடக்கியிருந்தது என்பதை அவள் அக்கணத்தில் நேரடியாகவே உணர்கிறாள். படத்திலோ, கடல்கடந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனது தன் உடல் என்கிறாள். சமையலறையில் வாழ்ந்த பெண் உணவின் வழியாகத்தான் சிந்திப்பாள் என்பது நெறியாளரின் நியாயம். கலை என்ற வகையில் அது சரியாக இருக்கலாம். மூலத்தில் இருந்த சொல்லே எனக்கு உவப்பானது.

மியஸாகியும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. 2013இல் வெளியான 'காற்று எழுகிறது' படத்தில், ஸீரோ போர்விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியை அவர் அழகிய கனவு காணும் மனிதனாக வரைந்தார். கொழும்பு வானில் பறந்ததும் அந்த ஸீரோவே. கொரியாவில் கடும் விமர்சனம் எழுந்தது. யப்பானின் வலதுசாரிகளும் வேறு காரணத்துக்காக அவரை ஏசினர். அவரது குடும்பத் தொழிற்சாலை யுத்தகாலத்தில் அவ்விமானத்துக்கு உதிரிப்பாகங்கள் செய்து செழித்தது. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகரம் எரிந்தபோது நான்கு வயது மியஸாகி குடும்பத்தினருடன் லொறியொன்றில் தப்பினார். வழியில் சிறு குழந்தையோடு நின்ற ஒருவர் தங்களையும் ஏற்றிக்கொள்ளுமாறு கெஞ்சினார். லொறி நிற்காமல் போய்விட்டது. நிறுத்துங்கள் என்று பெற்றோரிடம் சொல்லாமல் இருந்துவிட்டதை அவர் பல தடவை பேசியிருக்கிறார்.