ஹங்கேரிய முறை என்னும் பெயர்

நான் கணித ஆசிரியனாய் இருந்த காலத்தில், மேனிலை வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, இதற்கு ஹங்கேரியன் முறை என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டான். எனக்கு அன்று விடை தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "பெயர் எதுவாயின் என்ன? கணக்கைப் போடு" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். பணி ஓய்வு பெற்ற பின்னரே அப்பெயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று நேயர்களுக்குச் சொல்லுகின்றேன்.

கணக்கு இன்னதென்று முதலில் கூறிவிடுவோம். பள்ளியில் கால அட்டவணை வகுத்தவர் எவரும் இதனை அறிவர். ஒருவருக்கு ஒரு பணி, ஒரு பணிக்கு ஒருவர். மொத்தத்தில் செலவு மிகக் குறைவாய் இருத்தல் வேண்டும். இதற்கு ஒதுக்கீட்டுக் கணக்கு என்று பெயர். 12 பேருக்கு 12 பணிகளைப் பங்கிட 47,90,01,600 வழிகள் உள. ஒவ்வொன்றாய்ச் சோதிக்க யாரால் இயலும்?

தச்சர் இருவர் இருக்கின்றனர் என்று கொள்வோம். முதல்வருக்கு நாற்காலி செய்ய 1 நாள், மேசை செய்ய 2 நாள். இரண்டாமவருக்கு நாற்காலிக்கு 2 நாள், மேசைக்கு 9 நாள். நாற்காலியை விரைந்து முடிப்பவர் முதல்வரே என்று அதனை அவரிடம் கொடுத்தால், மொத்தம் 10 நாள் ஆகும். மாற்றிக் கொடுத்தாலோ 4 நாளே. இதனைக் காணும் வழி மிக எளிது. ஒவ்வொரு வரிசையிலும் உள்ள சிறிய எண்ணை அவ்வரிசை முழுவதிலும் கழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிரலிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். முதல்வருக்குச் சுழி, சுழி என்றும், இரண்டாமவருக்குச் சுழி, 6 என்றும் மிஞ்சும். வரிசைக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாகச் சுழிகளைத் தேர்ந்தால் விடை தானே வந்து நிற்கும். தேர முடியாத இடத்தில், சுழிகளையெல்லாம் மிகச் சில கோடுகளால் மறைத்து, மறையாத எண்களுள் சிறியதைக் கொண்டு திருத்தி, மீண்டும் தேட வேண்டும்.

இம்முறையை வகுத்தவர் ஹங்கேரியர் அல்லர். ஹரால்ட் கூன் என்னும் அமெரிக்கர். 1925இல் கலிபோர்னியாவில் பிறந்து, 1950இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருடைய ஆய்வேடு குலக் கோட்பாடு பற்றியது. ஆயினும் மாணவராய் இருந்தபோதே, பேராசிரியர் டக்கரோடும் டேவிட் கேலோடும் சேர்ந்து, நேரியல் திட்டமிடல் என்னும் அந்நாளைய புதுத்துறையில் இறங்கிவிட்டார். 1952 முதல் பிரின் மார் கல்லூரியில் ஆசிரியர். 1959 முதல் பிரின்ஸ்டனில் கணிதத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பேராசிரியர்.

1953ஆம் ஆண்டு வரைபடக் கோட்பாடு பற்றி டேனெஷ் கேனிக் என்பார் 1936இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலைக் கூன் படித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த அடிக்குறிப்பு ஒன்று, யெனே எகெர்வாரி என்பவர் 1931இல் எழுதிய கட்டுரையைச் சுட்டியது. அடிக்குறிப்பைத் தாண்டிச் செல்வதே நம்மில் பலருக்கு வழக்கம். கூன் நின்றார். கட்டுரையோ ஹங்கேரிய மொழியில் இருந்தது. அம்மொழி அவருக்குத் தெரியாது. நூலகத்திலிருந்து ஓர் இலக்கண நூலையும் பெரிய அகராதியையும் எடுத்து வந்து, இரு வாரம் உழைத்து, அதனைத் தாமே மொழிபெயர்த்தார். பிறகு 12க்கு 12 அளவுள்ள கணக்குகளைப் பென்சிலும் தாளுமாய் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தார்.

1955இல் தம் முறையை வெளியிட்டபோது அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. சுழிகளை மறைக்கும் கோடுகள் பற்றிய தேற்றம் கேனிக்குடையது. அதனை எந்த எண்ணுக்கும் பொருந்துமாறு விரித்தவர் எகெர்வாரி. இருவரும் புடாபெஸ்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். ஆகவே ஹங்கேரிய முறை என்றார். கேனிக் அதனைக் கேட்க உயிரோடு இல்லை. யூத வமிசத்தவரான அவர், 1944 அக்டோபரில் பாசிசக் கட்சியினர் ஆட்சியைப் பற்றிய சில நாட்களில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எகெர்வாரி 1958 வரை வாழ்ந்தார்.

கூன் இவ்வாறு நடந்துகொண்டது ஒருமுறை மட்டுமன்று. அவரும் டக்கரும் 1951இல் வெளியிட்ட நிபந்தனைகள் இருவர் பெயராலும் உலகெங்கும் வழங்கின. அவற்றை வில்லியம் கரூஷ் என்னும் மாணவர் 1939லேயே தம் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டில் எழுதி, அச்சிடாமல் விட்டிருந்தார். 1970களில் இதனை அறிந்த கூன், தாமே கரூஷுக்குக் கடிதம் எழுதி, அவருடைய முதன்மையை அறிஞர் அவையிலும் எடுத்துரைத்தார். இன்று மூன்று பெயர்களும் சேர்ந்தே வழங்குகின்றன. பிறர் கூறுமுன் தானே கூறுதல் எத்துணை அரிது என்பது ஆசிரியர் அறையில் வாழ்ந்த எனக்குத் தெரியும்.

ஹங்கேரிய முறைக்கு இன்னொரு முன்னோரும் உண்டு. 1851இல் மறைந்த ஜெர்மன் கணித மேதை யாக்கோபி, வகைக்கெழுச் சமன்பாடுகளை ஆராய்ந்தபோது இதே கணக்கைத் தீர்த்திருந்தார். லத்தீனில் அமைந்த அவ்வெழுத்து அவர் மறைவுக்குப் பின் அச்சேறி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் இத்துறையோர் கண்ணில் படாமல் கிடந்தது. இச்செய்தி 2006இல் வெளிப்பட்டபோது கூனுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அவர் வருந்தினாரல்லர், யாக்கோபி செய்தது இன்னதென்று விளக்கித் தாமே கட்டுரை எழுதினார். 2014 ஜூலையில் காலமானார்.

அந்த மாணவன் இப்போது எங்கிருக்கின்றான் என்று நான் அறியேன். வானொலி கேட்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால் நன்று.