செயின்ட் டன்ஸ்டன்

போரில் பார்வை இழந்த படைவீரர்களின் மறுவாழ்வுக்காக 1915-இல் லண்டனில் தொடங்கப்பட்ட அறநிறுவனம். 2012 முதல் ‘பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே’ என்ற பெயரில் இயங்குகிறது. போர்க்காலச் சமூகப்பணி காயத்துக்கு மருந்திடுவதோடு முடிந்துவிடாமல், ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை நடைமுறையில் காட்டிய முன்னோடி அமைப்பு இது.

இதை நிறுவியவர் ஆர்தர் பியர்சன். 1900-இல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கிய பத்திரிகை அதிபரான இவர், கிளாக்கோமாவால் தம் பார்வையை இழந்தவர். முதல் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில் சிறு விடுதி ஒன்றைத் திறந்தார். அது விரைவில் நிரம்பியது. அமெரிக்க வங்கியாளர் ஓட்டோ கான், ரீஜென்ட்ஸ் பூங்காவில் தமக்கிருந்த ‘செயின்ட் டன்ஸ்டன்ஸ் லாட்ஜ்’ என்னும் மாளிகையைக் கொடுத்துதவ, 1915 மார்ச்சில் விடுதி அங்கே மாறியது. மாளிகையின் பெயரே நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது.

பியர்சனின் வேலை மருத்துவமனைப் படுக்கையருகிலேயே தொடங்கிவிடும். கட்டு அவிழாத வீரரைச் சந்தித்துப் பேசுவார். முள்ளைத் தொட்டு மணி பார்க்கக்கூடிய கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளிப்பார். பிறரிடம் கேட்காமல் நேரம் அறிவதே தற்சார்பின் முதல் படி. விடுதியில் இரக்கப் பேச்சுக்கு இடமில்லை. பிரெயிலும் தட்டச்சும் ஒருபுறம், கைத்தொழில் மறுபுறம் என்று நாள் பகுக்கப்பட்டது. கூடை முடைதல், பாய் பின்னுதல், தச்சு, செருப்புத் தைத்தல், கோழிவளர்ப்பு, தொலைபேசி இணைப்பகப் பணி ஆகியவை கற்பிக்கப்பட்டன. மசாஜ் பயின்றவர்கள் முறையான தேர்வு எழுதித் தேறி, ராணுவ மருத்துவமனைகளிலேயே வேலைக்கு அமர்ந்தனர். பயிற்றுநர்களில் பலர் பார்வையற்றவர்கள். எந்தச் சொற்பொழிவும் தராத தெம்பை இந்த ஏற்பாடு தந்திருக்கும்.

எனினும் இந்நிறுவனத்தின் உண்மையான சாதனை, பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர்களைக் கைவிடாததே. மூலப்பொருள் வாங்கித் தந்தார்கள், செய்த பொருளை விற்றுக் கொடுத்தார்கள், வீடு தேடிச் சென்று நலம் விசாரித்தார்கள். போரில் நச்சுவாயுவால் கண் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே பார்வை போனது. அவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இதே காலத்தில் போருக்குச் செல்லாத பார்வையற்றோரின் நிலை வேறு. பட்டறைகளில் சொற்பக் கூலிக்கு உழைத்துவந்த அவர்கள், 1920-இல் பல நகரங்களிலிருந்து லண்டன் வரை நடந்தே சென்று உரிமை கேட்டனர். அவ்வாண்டே பார்வையற்றோர் சட்டம் இயற்றப்பட்டது. படைவீரருக்குக் கிடைத்த மதிப்பும் வசதியும் மற்றவருக்கும் உரியவை என்பதை அரசுகள் உணரத் தாமதித்தன. போர்க்கால மறுவாழ்வு வரலாற்றில் இது மறைக்கக்கூடாத குறை.

1921 டிசம்பரில் பியர்சன் இறந்தார். 1916-இல் சோம் போர்க்களத்தில் கண்ணிழந்து இதே விடுதியில் பயின்ற இயன் ஃபிரேசர் தலைமையேற்று, 1974 வரை அரைநூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். பிரெயில் கற்க இயலாதவர்களுக்காக 1935-இல் இசைத்தட்டில் ‘பேசும் புத்தகங்கள்’ வந்ததில் அவர் பங்கு பெரிது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பயிற்சிக்கூடம் ஷ்ராப்ஷயரின் சர்ச் ஸ்ட்ரெட்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பெண்களும் பயின்றனர். பார்வையோடு கைகளையும் இழந்தவர்களுக்குத் தனிக் கருவிகள் செய்யப்பட்டன.

இந்தியாவுக்கு இப்பணியைக் கொணர்ந்தவர் நியூசிலாந்துக்காரரான கிளூத்தா மெக்கன்சி. 1915-இல் கலிப்பொலிப் போரில் பார்வை இழந்தவர், செயின்ட் டன்ஸ்டனின் மாணவர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் கண்ணிழந்தவர்களுக்காக 1943-இல் டேராடூனில் தொடங்கிய விடுதியை அவர் வழிநடத்தினார். 1950-இல் அது இந்திய அரசின் கைக்கு வந்து, வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையமாகிப் பின்னர் தேசிய நிறுவனமாக வளர்ந்தது. படைவீரருக்கு மட்டுமாக இருந்த வாசல் இங்கே பொதுமக்களுக்கும் திறந்தது.

அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பிரெயில் முறைகள் பல இருந்தன. ஒரு பள்ளியில் படித்தவர் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க முடியாத நிலை. மெக்கன்சி யுனெஸ்கோவின் ஆலோசகராகி இச்சிக்கலைக் கையிலெடுத்தார். 1951-இல் பெய்ரூட் மாநாட்டில் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதன்படி ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே புள்ளிக்கோலம்: தமிழின் ‘க’வும் இந்தியின் ‘க’வும் விரலுக்கு ஒன்றே. ழ, ற, ன ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் அமைந்தன. அவ்வாண்டே டேராடூனில் மத்தியப் பிரெயில் அச்சகமும் தொடங்கியது. தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் அந்த முறையிலேயே பிரெயிலில் அச்சாகின்றன.