கொச்சிக் காலும் குழந்தையின் குடலிறக்கமும்

கொசுவால் பரவும் யானைக்கால் நோயை ஐரோப்பியர் ‘கொச்சிக் கால்’ என்றே அழைத்தார்கள். உப்பங்கழி சூழ்ந்த கொச்சி மட்டாஞ்சேரியில் விரை வீங்கினால் கொசுவைச் சந்தேகிப்பது இயல்புதான். ஆனால் குழந்தையின் குடலிறக்கத்தில் கொசுவுக்குப் பங்கில்லை. பெரும்பாலும் ஆண் குழந்தைக்கு, விரை இறங்கி வந்த பாதை மூடாமல் நின்றுவிடுவதே காரணம். குடலிறக்கத்துக்கு 1887இல் அறுவை மருத்துவர் பாசினி அறிவித்த தசைத் தையல் வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும். குழந்தைக்குக் குடல் இறங்கும் பையின் கழுத்தைக் கட்டினாலே போதும் என்று 1950இல் பாட்ஸ், ரைக்கர், லூயிஸ் ஆகிய சிகாகோ மருத்துவர்கள் வாதிட்டார்கள். இன்று குழந்தைகளின் குடலிறக்கத்துக்குச் செய்யும் சிறுதுளை அறுவையின் வேர் கேமராவில் இல்லை, இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது. 2006இல் போலந்து மருத்துவர் பட்கோவ்ஸ்கி செய்ததும், கேமராவில் பார்த்தபடி, தோல்வழியே ஓர் ஊசியால் அதே கழுத்தைக் கட்டியதுதான். கேமரா மறுபக்கத்துப் பாதையையும் காட்டுமே என்பார்கள். காட்டும். ஆனால் அங்கே திறந்திருக்கும் பாதையெல்லாம் குடலிறக்கமாவதில்லை. கண்ணில் பட்டதற்காகவே அதையும் கட்டலாமா என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.