எத்தனை படி ஏறணும்?

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் எழுபதைத் தாண்டிய யாரையாவது "வாங்களேன், ஒரு நடை போய்விட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். தூரமும் செலவும் பிறகுதான். முதல் கேள்வி "படி ஏறணுமா?" என்பதாகத்தான் இருக்கும். எனக்கு எழுபத்து மூன்று. மனைவிக்கு முழங்கால் தேய்மானம். அடையாறில் இருக்கும் அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. வாக்கர் இல்லாமல் நடப்பதில்லை. அதனால் இந்த ஊரின் போக்குவரத்து வரலாற்றைப் படிகளை வைத்தே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சென்னையில் டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்றுபோனது. எனக்கு அது பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். நான் பார்த்தது ரிக்‌ஷா. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அன்றைக்கு அதுதான் வண்டி. வீட்டு வாசலில் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். ரிக்‌ஷாக்காரரே கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைப்பார். ஆனால் ஒருவருடைய முழங்காலைக் காப்பாற்ற இன்னொருவர் தன் உடம்பைத் தேய்த்துக்கொண்ட ஏற்பாடு அது. 1973-ல் கலைஞர் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. செய்ய வேண்டிய காரியம். பிறகு சைக்கிள் ரிக்‌ஷாவும் மெல்ல மறைய, அந்த இடத்துக்கு ஆட்டோ வந்தது. ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு மிஞ்சியது பஸ்ஸும் ரயிலும்தான். இரண்டிலும் படி.

இனி 1995-க்கு வருகிறேன். அந்த ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. நவம்பரில் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கான சம வாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ரயில், பஸ், விமானம் எல்லாவற்றையும் சக்கர நாற்காலிக்காரர்களும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று அதன் 44-வது பிரிவு சொன்னது. கூடவே, அந்தந்த நிறுவனத்தின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட முடிந்தது.

பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலைக்கும், 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் வந்தது. அதாவது எங்கள் பேட்டையின் நிலையங்கள் சட்டம் வந்த பிறகு திறக்கப்பட்டவை. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண் எழுப்பி, அரண்மனை மாதிரி கூடம் கட்டினார்கள். நடைமேடை பல மாடி உயரத்தில். லிஃப்ட் என்று ஒன்று இருந்தாலும் அது இன்று ஓடுகிறதா என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைமை வெகுகாலம் இருந்தது. திருமயிலை நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என் மனைவி அதில் ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பஸ்ஸின் கதையில் அளவுகள் முக்கியம். நம் ஊரில் காலம் காலமாக ஓடிய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி. அதற்குப் படிகள் வைத்தால் முதல் படியே முழங்கால் உயரத்துக்கு நிற்கும். தாழ்தளப் பேருந்தில் தளம் 400 மில்லிமீட்டர். படியே கிடையாது. நிறுத்தத்தில் வண்டி இடப்பக்கம் கொஞ்சம் தாழும். மடக்குப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலியே உள்ளே போகும்.

2016 பிப்ரவரியில் ஜெயலலிதா அரசு, சென்னையில் அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் கொடுத்தது. நல்ல திட்டம். எங்கள் தெருவில் பலர் இன்னும் அதை வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார்கள். அக்காவும் வாங்கினாள். ஆனால் டோக்கன் பர்ஸிலேயே கிடந்தது. "டிக்கெட்தான்டா இலவசம். படி ஏற காலுக்கு எங்கே போறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பழையதில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. அணுகும் வசதி சலுகை என்பது போய் உரிமை என்றானது. 2005-ல் ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டடங்களுக்கும் போக்குவரத்துக்கும் கெடு வைத்தது. 2024 நவம்பரில் அதே வழக்கில், சும்மா வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதி வேண்டும் என்றும் சொன்னது.

சென்னையில் சண்டை பஸ்ஸைப் பற்றியது. அரசு மறுபடியும் உயர்தளப் பேருந்துகளை வாங்கப் போனபோது, மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றம் போனார். குறுகிய சாலை, மழைநீர்த் தேக்கம், அதிக விலை என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. இவை பொய்யான காரணங்கள் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சாலை சரியில்லை என்பதற்காக நடக்க முடியாதவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால், சாலையின் குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார் என்றுதானே அர்த்தம்? கடைசியில் 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்க முடிவானது. அதில் 352 சென்னைக்கு. 2024 ஆகஸ்டில் முதல் 58 பேருந்துகள் சாலைக்கு வந்தன. 2025 ஜூனில் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்து சேர்ந்தன. 1995 சட்டத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய முப்பது வருஷம். சட்டம் வந்தபோது ஐம்பது வயதானவருக்கு இப்போது எண்பது.

வசதியை முதலிலேயே திட்டத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ரோவே சாட்சி. 2015 ஜூனில் கோயம்பேடு-ஆலந்தூர் இடையே அது தொடங்கியபோதே லிஃப்ட், சாய்தளம், பார்வையற்றோர் காலால் உணரும் மேடு வைத்த தரை எல்லாம் இருந்தன. தேனாம்பேட்டை, நந்தனம் நிலையங்கள் திறந்த பிறகு எங்கள் வீட்டுக்காரி தைரியமாக ரயில் ஏறுகிறாள். தி.நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும், 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் வந்தன. நடைபாதையில் லிஃப்ட் உண்டு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் போகலாம். ஆனால் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டுமே என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே வரை மரப்பாதை போட்டார்கள். நீளம் 263 மீட்டர். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. "பணம் கடலில் போச்சு" என்று பார்க்கில் பலர் சிரித்தார்கள். திரும்பவும் சரிசெய்தார்கள், பிறகு பெசன்ட் நகரிலும் அதேபோல ஒன்று வந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காத சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அது சிரிப்பு விஷயமாக இருந்திருக்காது.

வெளியூர்ப் பயணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ரயிலில் அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்தியதுதான், இன்னும் திரும்பவில்லை. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் உண்டு. முன்பதிவில் வயதைச் சரியாகப் போட வேண்டும். விமானத்தில், உதவி தேவைப்படுவோரை ஏற்ற மறுக்கக் கூடாது என்று 2008-ல் விதி வந்தது. அப்படியும் 2012-ல் ஜீஜா கோஷ் என்ற பெருமூளை வாதம் உள்ள பெண்மணியைக் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் பேட்டைப் பெற்றோர் சக்கர நாற்காலி கேட்கத் தயங்கவே வேண்டாம். அதில் மூன்று வகை உண்டு: தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், நடக்கவே முடியாதவர். இருப்பதை உள்ளபடி சொன்னால்தான் சரியான உதவி வரும். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது எங்கே கிளம்பினாலும் ஒரு காகிதத்தில் ஐந்து விஷயம் எழுதுகிறேன். படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம், லிஃப்ட் ஓடுகிறதா, உட்கார எங்கே இடம், கழிப்பறை எங்கே. மாத்திரைப் பையும் டாக்டர் சீட்டின் நகலும் தனி. சந்தேகம் இருந்தால் முதல் நாளே நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பார்க்க வேண்டியது கட்டடம் மட்டும் இல்லை. தாழ்தளப் பேருந்து நடைபாதையை ஒட்டி நிற்க இடம் இருக்கிறதா, அங்கே ஸ்கூட்டர் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நடுத்தெருவில் நின்றால் 400 மில்லிமீட்டர் தளமும் உயரம்தான்.

அக்கா கடலைக் கிட்டப் போய்ப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் மரப்பாதைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "படி?" என்றாள். இல்லை என்றேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.