மஸ்டாங் எந்த நாட்டு விமானம்?

இரண்டாம் உலகப்போர்ப் படங்கள் பார்ப்பவர்களுக்கு பி-51 மஸ்டாங்கைத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் சண்டை விமானம் எண்டுதான் நாங்களும் சொல்லிப் பழகியிருக்கிறம். ஆனா அதை முதலில் வாங்க வந்தது பிரித்தானியா. 1940இல் பி-40 விமானத்தைச் செய்து தரச்சொல்லி நோர்த் அமெரிக்கன் நிறுவனத்தைக் கேட்டார்கள். பழசு ஏன், புதுசாவே செய்து தாறம் என்றது நிறுவனம். அதை வடிவமைத்த எட்கர் ஷ்மூட் ஜேர்மனியில் பிறந்தவர்.

102 நாளில் முதல் விமானத்தின் உடல் தயார். எஞ்சின் மட்டும் வந்து சேரவில்லை. பிறகு பூட்டிய அலிசன் எஞ்சின் தாழப் பறக்க நல்லது. 15,000 அடிக்கு மேலே திணறியது. தரைத் தாக்குதலுக்கென ஏ-36 என்றொரு வகையும் வந்தது.

1942இல் பிரித்தானியர் ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பூட்டிப் பார்க்க, கதையே மாறியது. அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் அதே எஞ்சினைச் செய்து கொடுக்க, பி-51பி உருவானது.

அதன் தேவை என்னவென்று 1943 ஒக்டோபர் 14 காட்டியது. காவலுக்கு வந்த விமானங்கள் எரிபொருள் போதாமல் பாதியில் திரும்ப, ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்கப்போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் 60 அழிந்தன. ஒவ்வொன்றிலும் 10 பேர். 1944 மார்ச்சில் மேலதிக எரிபொருள் தாங்கிகளோடு மஸ்டாங்குகள் பெர்லின் வரை காவல் போயின. அதன்பின் வந்த பி-51டிக்கு எல்லாப் பக்கமும் தெரியும் குமிழ்க் கண்ணாடி, ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். எல்லா வகையும் சேர்த்து 15,000க்கு மேல் செய்தார்கள்.

மேலே பறந்தவர்களைக் காத்த அதே காவல்தான், பகல் குண்டுவீச்சு பெர்லின் வரை தொடரவும் வழிவிட்டது. எஞ்சின் கதையோடு நிறுத்திவிட்டால், கீழே இருந்த சனத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.